பட்டுக்கூடு ஷெட்டில் உன் இடம்

அம்மா,

நாளைக்கு உலை வைக்க அரிசி அளந்து வைக்கச் சொன்னார் அத்தை. தகர டப்பாவைத் திறந்து உள்ளே கை விட்டேன். அரிசியோடு சேர்ந்து உன் வாசனை மேலே வந்தது. வார்னிஷ் வாசனை. மோட்டார் வேலை முடித்து நீ வரும்போது உன் புடவைத் தலைப்பில், நகக்கண்ணில், சில நாள் நீ பிசைந்து தரும் சோற்றில்கூட அது இருக்கும். "ச்சீ, மோட்டார் நாத்தம்" என்று மூக்கைப் பிடித்துக்கொள்வேன். இன்று டப்பாவுக்குள் முகத்தை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "அரிசிய அளக்குறியா, ஒண்ணொண்ணா எண்ணுறியா?" என்று அத்தை வாசல் பக்கமிருந்து கேட்டார்.

வாசனை உன் மூங்கில் பட்டையிலிருந்து வந்தது. நான்தான் அதை அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். உன் புடவைகளை எல்லாம் அத்தை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார். இதுவும் கண்ணில் பட்டால் அடுப்புக்குப் போய்விடும்.

இப்போது அத்தை கதவை ஒட்டிப் பாய் போட்டுத் தூங்குகிறார். அப்பாவுக்கு நைட் ஷிப்ட். நான் சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, நீ சரிசெய்து வைத்த எமர்ஜென்சி விளக்கைத் துண்டால் பாதி மூடிவிட்டு, காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பூ வைக்க வருகிறார்கள். அத்தை மகனுக்காக. மார்கழி பிறப்பதற்குள் பூ வைத்துவிட வேண்டுமாம், தை பிறந்ததும் கல்யாணமாம். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. நீயும் இல்லை.

அந்தப் பட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உனக்கும் முன்னால் ரத்னம்மாக்கா நினைவுக்கு வருகிறார். அவர் இல்லையென்றால் நீ அங்கே போயிருக்கவே மாட்டாய். அப்போது நான் ஏழாவது படித்தேன். நீ கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். நம் லைன் வீட்டில் பக்கத்து அறை ரத்னம்மாக்கா ஒரு நாள் துணி துவைக்கும் கல்லருகே வந்து நின்றார்.

"அக்கா, நாளைக்கி ஒரு எடத்துக்குக் கூட்டினு போறேன். ரெடியா இரு."

"எங்க? கோயிலுக்கா?"

"காலேஜுக்கு."

நீ சிரித்த சிரிப்பில் பிழிந்துகொண்டிருந்த துணி கையை விட்டு மண்ணில் விழுந்தது. "ஒன்பதாங்கிளாஸ்கூட முடிக்காதவளுக்குக் காலேஜா? உனக்கு வேற ஆளு கெடைக்கலயா ரத்னா?"

"முடிச்ச ஆளுங்க எனக்கு எதுக்கு? அங்க முடிக்காதவங்களத்தான் சேப்பாங்க. உன்னமாரி ஆளு கெடைக்கறதே கஷ்டம்."

மறுநாள் பெரிய ரோட்டைத் தாண்டி உன்னை அங்கே கூட்டிப் போனார். திரும்பி வந்து நீ சொன்னதையெல்லாம் நான் படுத்துக்கொண்டே கேட்டேன். சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு நீளமான தகர ஷெட். ஒரு காலத்தில் அங்கே பட்டுக்கூடு ஏலம் விடுவார்களாம். மல்பெரி போட்டிருந்த நிலமெல்லாம் கம்பெனிக்குக் கைமாறியதும் கூடு வருவது நின்றுவிட்டது. பெயர் மட்டும் நிற்கவில்லை. சமுதாயக் கல்லூரி என்று சுவரில் எழுதியிருந்தாலும், ஊரில் யாரைக் கேட்டாலும் கூட்டு ஷெட் என்றுதான் வழி சொல்வார்களாம்.

கம்பெனிகள் வந்தபோது, நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் வேலை கேட்டுப் போனார்கள். கையில் சான்றிதழ் இல்லை. அப்பாவைப் போல வெளியூரிலிருந்து ஐடிஐ முடித்து வந்தவர்கள் உள்ளே மெஷினில் நின்றார்கள். இந்த ஊர்க்காரர்கள் வெளியே துடைப்பத்தோடு நின்றார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் நீங்கள் எல்லோரும் மேடம் என்று கூப்பிடுபவரும் அவருடைய கணவரும் அந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்தார்கள். கணவர் மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை தெரிந்தவர், வேலை பார்த்த கம்பெனி மூடிப்போனதால் வீட்டில் இருந்தவர். மேடம் நர்ஸாக இருந்தவர். ஒரு மூலையில் மோட்டார், ஒரு மூலையில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, நடுவில் தையல். அவ்வளவுதான் கல்லூரி.

ஆரம்பத்தில் யாரும் வரவில்லையாம். முதல் வருடத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஆட்டோவில் அடங்கிவிடுவார்களாம். பள்ளிக்கூடம் ஒருமுறை வெளியே அனுப்பியவர்கள், மறுபடி எப்படி பெஞ்சைத் தேடி வருவார்கள்? அந்த முதல் கூட்டத்தில் படித்த ஒரு பெண், படிப்பு முடிந்து கிளம்பும் நாளில் தன் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். "நான் போயிட்டா இது சும்மாத்தான கெடக்கும்?" என்று கேட்டாளாம். போய்த் தன் நாத்தனாரைக் கைப்பிடித்து இழுத்து வந்து அதே இடத்தில் உட்கார வைத்த பிறகுதான் சான்றிதழ் வாங்கினாளாம்.

அதிலிருந்து அதுவே அங்கே வழக்கமாகிவிட்டது. நோட்டீஸ் கிடையாது, ரோட்டில் போர்டு கிடையாது. முடித்துப் போகிறவர், எங்கேயோ படிப்பு நின்றுபோன ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தன் இடத்தில் உட்கார வைத்து, தான் பிடித்த கருவியை அவர் கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் சான்றிதழ். யாரும் அங்கே தானாக வந்து சேர்வதில்லை. ரத்னம்மாக்கா உன் கையில் கொடுத்தது இந்தப் பட்டையைத்தான். ஒரு சாண்கூட இல்லாத மூங்கில். மோட்டாரின் பள்ளத்துக்குள் செம்புக் கம்பியை ஒவ்வொன்றாகத் தள்ளி அமுக்குவதற்கு. எத்தனை பேர் பிடித்ததோ, கட்டைவிரல் படும் இடம் குழிந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது.

முதல் வாரம் உன்னை மோட்டாரைத் தொடவே விடவில்லை. மேடம் சொன்னதை நீ அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாய். "மார்க் ஷீட்ட வீட்லயே வெச்சிட்டு வாங்க. எங்க நின்னீங்கன்னு மட்டும் சொல்லுங்க, அங்க இருந்து ஆரம்பிக்கலாம்." வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தான் நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும். தமிழில், தெலுங்கில், கன்னடத்தில், எது வாயில் வருகிறதோ அதில்.

நீ நின்ற இடத்தை எனக்கு அன்றுதான் சொன்னாய். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடம். டீச்சர் போர்டில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, நடுவில் ஒயர் வரைந்துவிட்டு, மேசை மேல் நிஜமான பல்பை எடுத்து வைத்தார். ஒயரின் நுனியைத் தொட வைக்கப் போகும்போது உன் சித்தப்பா வாசலில் வந்து நின்று உன்னைக் கூப்பிட்டார். வீட்டில் பூ வைக்க வந்திருந்தார்கள்.

"அந்த பல்பு எரிஞ்சுதா எரியலயான்னு நான் பாக்கவே இல்ல பாப்பா. இத்தன வருசமா வீட்ல லைட்டப் போடுறேன், அணைக்கிறேன். அந்த பல்பு மட்டும் மனசுல அப்படியே நிக்குது."

"அழுதியாம்மா?"

"நான் அழுவல. சுத்தி இருந்தவங்கதான் அழுதாங்க. எனக்கு வெக்கமா போச்சு."

அப்பா அப்போதெல்லாம் உன்னை எவ்வளவு கேலி செய்வார்! "இஞ்சினியரம்மா வந்தாச்சு, தள்ளி நில்லுங்கப்பா, ஷாக் அடிச்சிரும்" என்பார். ஆனால் உனக்குப் பரீட்சை வந்த வாரம் அவர்தான் இட்லி மாவு அரைத்தார். மாவில் உப்புக்குப் பதில் சோடா உப்பைப் போட்டதில், இட்லி ஒவ்வொன்றும் தட்டை விட்டு எழுந்து நின்றது. நாம் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த அப்பாவைத்தான் இப்போது வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீ தனியாகச் சுற்றி முடித்த முதல் மோட்டார் நினைவிருக்கிறதா? எனக்கு லீவு நாள், உன்னோடு ஷெட்டுக்கு வந்திருந்தேன். மோட்டார் கெலவரப்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவருடையது. ஷெட்டுக்குப் பின்னால் தொட்டியருகே வைத்து ஓட்டிப் பார்க்க எல்லோரும் கூடினார்கள். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, இத சுத்துனது யாரு?"

"நாந்தாங்க."

"நீயா? இதுல தண்ணி வருமா, பாலு வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீ ஸ்விட்சைப் போட்டாய். மோட்டார் உறுமியது. குழாய் முனையில் சொட்டுச் சொட்டாக வழிந்தது, அவ்வளவுதான். "பாலும் வரல, தண்ணியும் வரல" என்றார் அவர். உன் முகம் சிவந்துவிட்டது. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நீ முதலில் ஸ்விட்சை அணைத்தாய். சுற்றுவது முழுக்க நிற்கும்வரை காத்திருந்தாய். பிறகு மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி போட்டாய். தண்ணீர் பீறிட்டு நேராக அவர் வேட்டியில் அடித்தது.

"சரி தாயி, நிறுத்தாத. சோப்பு இருந்தா குடு, குளிச்சிட்டே போறேன்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் நீ சொன்னாய்: "மோட்டார் கெட்டுப் போவல பாப்பா. பலமாத்தான் ஓடுச்சு. தெச மாறி ஓடுச்சு, அவ்ளோதான். ஆனா ஓடும்போது கைய வெச்சிடாத. மொதல்ல நிறுத்தணும்."

படிப்பை முடித்தாய். பரீட்சையில் தேறினாய். அதன் பிறகுதான் பெரிய கஷ்டம் வந்தது, ஆள் தேடும் கஷ்டம். லைன் வீடு லைன் வீடாகப் போனாய். "எங்க வீட்டுக்காரர் விடமாட்டாரு" என்றார்கள். "இனிமே படிச்சு எந்தக் கோட்டையப் புடிக்க?" என்றார்கள். ஒரு நாள் நீ சோர்ந்துபோய் வந்தபோது நான் விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"நான் வரேம்மா. ஒருநாள் லீவு போட்டுட்டு உன் எடத்துல உக்காந்துட்டு வந்துடறேன். நீ சர்டிபிகேட்ட வாங்கிக்கோ."

நீ என்னை அடித்ததே கிடையாது. அன்று கை ஓங்கிவிட்டாய். ஓங்கிய கையை நீயே மறு கையால் பிடித்து இறக்கினாய்.

"உன்னத் தவிர இந்த ஊர்ல யார வேணா கூட்டினு போவேன். அது நின்னுபோனவங்க உக்கார்ற எடம். நீ நிக்கவே கூடாது. புரியுதா? நீ அந்த எடத்துல உக்காந்தா, நான் படிச்சதுக்கு அர்த்தமே இல்ல."

எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது அம்மா. உன்னைப் பற்றிப் பெருமை, ஆனாலும் உன்னைப் போல் இல்லை என்றும் ஒரு பெருமை. நான் நிற்காமல் போகிறவள். வகுப்பில் முதல் பெஞ்ச்.

கடைசியில் உனக்கு ஆள் கிடைத்தாள். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுக்குக் கயிறும் மணியும் விற்கும் ஒரு பெண். "வர்றேன்க்கா. ஆனா தனியா வரமாட்டேன், நீயே வந்து கூட்டினு போ" என்றாளாம். சந்தை நாளன்று காலையிலேயே தலைக்குக் குளித்தாய். சாப்பாட்டுப் பையில் பட்டையைத் துணியில் சுற்றி வைத்தாய். கயிற்றுக் கடைக்காரி கையில் கொடுப்பதற்கு. பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நின்றிருந்தது. நீ தாண்டினாய். லாரி வந்தது.

பை மட்டும் வீட்டுக்கு வந்தது. அதில் சோறு அப்படியே இருந்தது. பட்டையும் அப்படியே இருந்தது.

அந்தப் பெண் யார், எந்த ஊர், பெயர் என்ன, எங்களில் யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும். அன்று சந்தை கலையும்வரை அவள் உனக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். ஏமாற்றிவிட்டாய் என்றுகூட நினைத்திருப்பாள்.

காரியம் முடிந்த பிறகு மேடம் நம் வீட்டுக்கு வந்தார். "அவங்க எடத்த அப்படியே வெச்சிருக்கோம். அவங்க பேர் சொல்லி யாராச்சும் ஒருத்தர் வர்ற வரைக்கும் அது அவங்க எடந்தான்" என்றார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "அந்த ஷெட்டுக்குப் போகாம இருந்திருந்தா அவ ரோட்டத் தாண்டியிருக்க மாட்டா மேடம். இனிமே அந்தப் பேச்ச இங்க எடுக்காதீங்க." மேடம் எழுந்து போய்விட்டார். மறுபடி வரவில்லை.

அப்பா கெட்டுப்போகவில்லை அம்மா. அதை உனக்குச் சொல்லியாக வேண்டும். உனக்குப் பிறகு அவர் எனக்குத் தலைகூடப் பின்னிவிட்டிருக்கிறார். ஆனால் நைட் ஷிப்ட் வரும்போது நான் தனியாக இருக்க வேண்டும். நம் லைனில் முக்கால்வாசி அறைகளில் இப்போது வெளியிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள். ஒரு ராத்திரி புதிதாக வந்த ஒருவன் அறை தெரியாமல் நம் கதவைத் தட்டினான். நான் கத்தியதும் அவனே பயந்துபோய் ஓடிவிட்டான். அப்பாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த நாளிலிருந்து வெளியே பூட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். உள்ளேயிருந்து அந்தப் பூட்டு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். பிறகு பூட்டும் போதவில்லை அவருக்கு. ஊரிலிருந்து அத்தையை வரவழைத்தார். அத்தை வரும்போதே முடிவோடு வந்தார்.

காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, யூனிபார்ம் போட்டுக்கொண்டு நின்றேன். "எதுக்கு? அதான் முடிவாயிருச்சே" என்றார் அத்தை. அவ்வளவு சாதாரணமாக, பால் வாங்கியாயிற்று என்பது போல. அன்று நான் நின்றேன் அம்மா. பதினொன்றாம் வகுப்பில், இரண்டாம் பருவத்தின் முதல் நாள். நீ கை ஓங்கித் தடுத்தது இதைத்தான். தடுக்க முடியவில்லை.

போன வாரம் அப்பா சாப்பிடும்போது அத்தை குழாயடிக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அப்பா, பன்னெண்டாவது எழுதிடறேன்ப்பா. அது வரைக்கும்..."

"தாயி, ராத்திரி மெஷின்ல நிக்கிறேன். கை அங்க இருக்கு, நெனப்பு இங்க இருக்கு. ஒருநா கை போயிரும் போல இருக்கு."

"நான் உள்ள தாழ் போட்டுக்கறேன்ப்பா. யார் தட்டுனாலும் தொறக்க மாட்டேன்."

"அக்கா வீடுதான. வேத்து வீடா? ஒன்ன யாரும் கடிச்சிர மாட்டாக."

"அம்மா இருந்தா இதுக்கு ஒத்துக்குவாங்களா?"

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. "அவ இருந்தா இது எதுக்கு?" என்றார். தட்டிலேயே கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். அதன் பிறகு என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. டிபன் பாக்ஸை வாங்கும்போதுகூட வேறு எங்கேயோ பார்க்கிறார்.

அத்தை மகனை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். நான் மூன்றாவது படிக்கும்போதே அவருக்கு மீசை இருந்தது. போனில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கறிக்கொழம்பு வெப்பியா?" நான் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டேன். வெட்கப்படுகிறாள் என்று சிரித்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு உதவி எண் எழுதியிருக்கும். எனக்கு மனப்பாடம். போன் அத்தையின் இடுப்பில் இருக்கிறது. ஒருமுறை கைக்கு எட்டியது. எடுத்தும்விட்டேன். அப்பாவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றுவார்களோ, லைன் வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்று பார்ப்பார்களோ என்று நினைத்ததும் விரல் நகரவில்லை. வைத்துவிட்டேன். யாரிடமாவது நேரில் சொல்ல வேண்டும், எனக்காகவும் அப்பாவுக்காகவும் சேர்த்து யோசிக்கிற யாரிடமாவது. அப்படி எனக்குத் தெரிந்தவர் மேடம் ஒருவர்தான். அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

இன்று சாயங்காலம் ரத்னம்மாக்கா நம் வீட்டு வாசலுக்கு வந்தார். அத்தை எழுந்துகூட நிற்கவில்லை.

"என்னத்தா, எங்க வீட்டுல என்ன கொழம்புன்னு மோப்பம் பிடிக்க வந்தியா?"

"கொழம்புக்கு இல்லீங்க. பொண்ணு ஸ்கூலுக்குப் போவலயேன்னுதான்..."

"ஆத்தாளக் கூட்டிட்டுப் போயி ரோட்டுல விட்டது பத்தலயாக்கும்? இப்ப மகளையும் கேக்குதோ?"

ரத்னம்மாக்காவின் முகம் எப்படி ஆனது என்று நான் எழுத மாட்டேன். அப்படியே திரும்பிப் போய்விட்டார். அவ்வளவுதான், இனி யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இருட்டும் நேரத்தில் நான் கொடியிலிருந்து துணி எடுக்கும்போது, அவர் தன் பக்கத்துக் கொடியில் புடவையை உதறிப் போட்டபடி, என்னைப் பார்க்காமல், புடவையிடம் பேசுவது போலப் பேசினார்.

"சனிக்கெழமையும் ஷெட்டு தொறந்துதான் இருக்கும். மேடம் விடியறப்பவே வந்துருவாங்க. காலைல கொழாயில தண்ணி வரும். நீ குடத்த லைன்ல வெச்சிட்டு நட. திரும்பிப் பாக்காத. உன் குடத்த நான் நகத்திக்கினே இருக்கேன். குடம் நகர்ற வரைக்கும் உங்க அத்த உன்னத் தேடாது."

"நீங்க கூட வரமாட்டீங்களாக்கா?"

"நான் வந்தா குடத்த யார் நகத்துவா?" புடவைக்குப் பின்னால் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "உங்கம்மாவ நாந்தான் கூட்டினு போனேன். அதுக்கப்பறம் யார் கையையும் புடிக்க எனக்கு தைரியம் வரல கண்ணு. நீ தனியாத்தான் போவணும்."

நம் லைனில் தண்ணீர் வரும் நேரம் உனக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு ஆள் வரிசையில் நிற்பதில்லை, குடம்தான் நிற்கும். குடம் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். வாசலில் நின்று பார்த்தால் நம் பச்சைக் குடம் தெரியும், அத்தைக்கு அது போதும். எனக்கு வெளியே போக இருக்கும் ஒரே நேரம் அதுதான். அப்பா ஷிப்ட் முடிந்து வருவதற்கும் முன்னால்.

நான் ரோட்டைத் தாண்டியதில்லை அம்மா. அன்றிலிருந்து ஒருமுறைகூட. பள்ளிக்கூடம் இந்தப் பக்கமே இருந்ததால் யாருக்கும் அது தெரியாது. கடைக்குக்கூட சுற்றிப் பாலத்துக்கு அடியில்தான் போவேன். நாளைக்குப் பாலம்வரை சுற்றிப் போக நேரம் கிடையாது. நீ தாண்டிய இடத்தில்தான் தாண்ட வேண்டும். லாரிச் சத்தம் இப்போதுகூடக் கேட்கிறது. ஒவ்வொன்று போகும்போதும் மேடையில் கிண்ணம் லேசாக அதிர்கிறது. அது அடங்கும்வரை நிறுத்திவிட்டு மறுபடி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

போய்ச் சேர்ந்தாலும் என்ன ஆகும் என்று தெரியாது. மேடம் அப்பாவிடம் பேசுவாரா, அப்பா கேட்பாரா, நான் மறுபடி பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சுக்குப் போவேனா, உன் இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேனா, ஒன்றும் தெரியாது. அத்தை ஷெட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றலாம். அப்பா என்னை இனி பார்க்கவே பார்க்காமல் போகலாம். அவரும் பலமாகத்தான் ஓடுகிறார் அம்மா, என்மேல் உள்ள பாசத்தில்தான். எந்த இரண்டு ஒயரை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் நிறுத்த வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதைத்தான் செய்யப் போகிறேன்.

ஷெட்டு வாசலில் யார் கூட்டிக்கொண்டு வந்தது என்று கேட்பார்கள். அங்கே யாரும் தானாக வருவதில்லை. பட்டையை நீட்டுவேன். கட்டைவிரல் குழியைப் பார்த்தால் மேடத்துக்குத் தெரியும். எங்கே நின்றாய் என்று கேட்டால் சொல்வேன், அழாமல் சொல்லப் பார்க்கிறேன். யாரைத் தவிர வேறு யாரை வேண்டுமானாலும் கூட்டிவருவேன் என்றாயோ, அவளைத்தான் கூட்டிவந்திருக்கிறாய். கோபப்படாதே. வேறு யாரும் உன் பெயர் சொல்லி வரவில்லை. அந்த இடம் ஒரு வருடமாகக் காலியாக இருக்கிறது.

பட்டையை அரிசியிலிருந்து எடுத்துவிட்டேன். கையில் வைத்திருக்கிறேன். உள்ளங்கை வியர்வை பட்டதும் வாசனை இன்னும் அதிகமாக வருகிறது. என் கட்டைவிரலுக்கு அந்தக் குழி கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. நாளைக்குக் குடத்தை வைத்துவிட்டு நடக்கும்போது இதை இப்படியே இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

ரோட்டைத் தாண்டும் வரைக்கும் மட்டும் நீயும் விடாதே.